டாக்டர் ருக்மாபாய் அம்மையார்

வக்கீல் தொழிலில் பழகியவர்களின் கைகளில் அடிக்கடி புரளும் புஸ்தகங்களுள் பம்பாய் ஹைக்கோர்ட்டின் தீர்ப்புத் திரட்டும் ஒன்று. அதன் 9-வது தொகுதி 529-வது பக்கத்தில், தாதாஜி பிகாஜி என்ற வாதிக்கும் ருக்மாபாய் என்ற பிரதிவாதிக்கும் 1885-ஆம் வருஷத்தில் நடந்த வியாஜ்யத்தின் தீர்ப்பு அச்சாகியிருக்கிறது. அதற்கு அடுத்த தொகுதியில் 301-வது பக்கத்தில் அப்பீல் தீர்ப்பு. சட்டம் பயிலும் வாலிபர்கள் இவ்விரண்டையும் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சை முடிந்தவுடன் மறந்துவிடுவது வழக்கம். நாமும் அவ்விதம் மறந்தவர்களே. பல வருஷங்களுக்குப் பின்னர் வேறொரு காரியமாக அத்தொகுதியைப் புரட்டியபோதுதான், அந்தப் பக்கங்களுக்குள் ஒரு பெண்ணின் ஜீவியம் முழுவதும் அடைபட்டுக் கிடப்பதை நாம் உணர்ந்தோம். தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்கள் இவ்வம்மையாரின் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இவர் பொருட்டு நமது சொந்தப் பாசறையே இரண்டாகப் பிளந்தது; அப்போது நாம் வணங்கும் தலைவர்கள் சிலர் நின்ற பக்கத்தில் இன்று நம்மால் நிற்க இயலாது.

ருக்மாபாய் 1864-ஆம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி பம்பாயில் தச்சர் வகுப்பில் பிறந்தார். தாயார் ஜயந்திபாய்க்கு அப்பொழுது வயது 15. தந்தை ஜனார்த்தன் பாண்டுரங் காலமானபோது குழந்தைக்கு வயது இரண்டரை, தாயாருக்குப் பதினேழு. அவ்வகுப்பில் விதவா விவாகம் தடுக்கப்படவில்லையாதலால், சில ஆண்டுகள் சென்றதும் ஜயந்திபாய், கிராண்ட் மெடிகல் காலேஜில் ஆசிரியராக இருந்த டாக்டர் ஸகாராம் அர்ஜுன் என்பவரை மணந்தார். மறுமணத்திற்கு முன்பு, முதற் கணவர் வைத்துச் சென்ற சொத்தைத் தம் மகள் பெயருக்கு எழுதி வைத்தார். இந்தச் சொத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் தர்மத்தின் பேராலும் சாஸ்திரத்தின் பேராலும் நடந்த சண்டைக்கு அடியில் இதுவும் கிடந்தது.

டாக்டர் ஸகாராம் அர்ஜுன் கற்றறிந்தவர்; தாவர சாஸ்திரத்திலும் வைத்தியத்திலும் வல்லவர்; சீர்திருத்த நோக்குடையவர். அப்படியிருந்தும் வளர்ப்பு மகளுக்குப் பதினோராவது வயதில் விவாகம் நடந்தது. அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் வாழ்க்கையில் இத்தகைய முரண்பாடு அபூர்வமன்று. விதவா விவாகத்திற்காக மேடை ஏறிய மகாதேவ கோவிந்த ரானடே, முதல் மனைவி இறந்த 1873-ஆம் வருஷத்திலேயே தந்தையாரின் பிடிவாதத்திற்கு இணங்கிப் பதினொரு வயதுச் சிறுமியை மணந்துகொண்டார். ஊருக்கு உபதேசிக்கும் வாய் வீட்டுத் திண்ணையில் அடைத்துக்கொள்வது நமக்கும் தெரியாத அநுபவமன்று.

மாப்பிள்ளையான தாதாஜிக்கு வயது 19. டாக்டருக்கு உறவினர், ஏழை. அவர் மாமனார் வீட்டிலேயே தங்கி, டாக்டரின் செலவில் படித்து, நல்ல மனிதராகத் தேற வேண்டுமென்பது ஏற்பாடு. விவாகமாகிச் சில மாதங்களில் ருக்மாபாய் பருவமடைந்தார். வழக்கப்படி சாந்தி முகூர்த்தம் நடந்திருக்க வேண்டும். ஆனால் வைத்தியரான வளர்ப்புத் தந்தை அதற்கு இடங்கொடுக்கவில்லை. இளம் வயதில் தாயாகும் சிறுமிகளின் கதி என்னவென்பதை அவர் தொழில் முறையில் அறிந்தவர். தாதாஜிக்கோ இது மனத்தாங்கலாயிற்று. இருபது வயதில் சிறுபிள்ளைகளுடன் பள்ளிக்கூடம் போவதும் அவருக்கு வெட்கமாயிருந்தது. படிப்பை விட்டார், டாக்டர் வீட்டையும் விட்டு, தம் மாமன் நாராயண் துர்மாஜியின் இல்லத்தில் தஞ்சம் புகுந்தார். நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று, கடனும் சேர்ந்தது.

இதே ஆண்டுகளில் அந்தச் சிறுமி என்ன செய்துகொண்டிருந்தாள்? விவாகத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. ஆயினும் பாதிரிமார் நடத்திய வாசகசாலையிலிருந்து புஸ்தகங்களைத் தருவித்து, வீட்டு வேலைகளுக்கு இடையே தானாகவே ஆங்கிலம் கற்றாள். தந்தையாரைப் பார்க்க வந்த அறிஞர்களின் சம்பாஷணைகளைக் கேட்டாள். பிரார்த்தனா ஸமாஜத்தின் கூட்டங்களுக்கும் ஸ்திரீகளின் சங்கக் கூட்டங்களுக்கும் சென்றாள். ஒரே சடங்கில் பிணைக்கப்பட்ட இருவரில் ஒருவர் கீழே இறங்க, மற்றவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். எட்டு வருஷங்களில் அவ்விருவருக்கும் இடையே ஒரு பெரிய பள்ளத்தாக்கே ஏற்பட்டுவிட்டது.

1884-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தாதாஜி வக்கீல்கள் மூலம் நோட்டீஸ் அனுப்பினார்: மனைவியைத் தம்மிடம் அனுப்ப வேண்டும். ருக்மாபாய் மறுத்தார். அவர் தரப்பில் கூறப்பட்ட காரணங்கள், கணவரால் தமக்கு இருப்பிடமும் ஜீவனமும் அளிக்க இயலாது, அவருடைய தேக நிலை சரியில்லை, அவர் யாருடைய பாதுகாப்பில் வசிக்கிறாரோ அவருடைய நடத்தை நல்லதன்று என்பவை. இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அறியாப் பருவத்தில் தமது சம்மதமின்றி நடந்த ஒரு சடங்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று அவர் கருதினார். ஹிந்து ஸ்திரீ ஒருத்தி கோர்ட்டில் இவ்விதம் சொல்வது அதுவரை யாரும் கேட்டறியாதது. தாதாஜியின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. தம் மனைவியின் பெயரிலுள்ள சொத்து கைவிட்டுப் போகாமலிருக்க வேண்டுமென்றே மாமியாரும் பாட்டனாரும் பெண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய புகார். அது முழுப் பொய் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. எனினும் பெண்ணின் விருப்பம் இன்னதென்று அவளே கூறும்போது, அவளைச் சூழ்ந்தவர்களின் நோக்கங்களை ஆராய்வது வீண் வேலை.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1885 ஏப்ரலில், டாக்டர் ஸகாராம் அர்ஜுன் காலமானார். பெரிய துணை போயிற்று. ஆனால் அந்த வருஷம் ஜூன் மாதத்தில், பம்பாயின் ஆங்கிலத் தினசரியான டைம்ஸ் ஆப் இந்தியாவில் பால்ய விவாகத்தின் கேடுகளைப் பற்றி ஒரு ஹிந்து ஸ்திரீயின் கடிதம் வெளியாயிற்று. செப்டம்பரில் விதவைகளின் நிலையைப் பற்றி இன்னொன்று. பெயர் போடப்படவில்லை. எழுதியவர் ருக்மாபாய்தான் என்று பின்னர் வெளிப்பட்டபோது, இருபது வயதுப் பெண் இவ்வளவு தெளிவாக எழுத முடியுமா என்று பலர் சந்தேகித்தார்கள்.

நீதிபதி பின்ஹே 1885 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகமாயிற்று. அவருடைய தர்க்கம் எளிது. தாதாஜி கேட்பது, தாம்பத்திய உரிமையை மீட்டுத் தர வேண்டுமென்பது. ஒரு காலத்தில் இருந்து பின்பு இழந்ததைத்தான் மீட்க முடியும். இங்கே தம்பதிகள் ஒருநாளும் கூடி வாழ்ந்தவர்களல்லர். ஆகவே இது மீட்பதன்று, புதிதாக ஏற்படுத்துவது. அதற்கு ஆங்கிலச் சட்டத்தில் முன்மாதிரி கிடையாது. ஹிந்து சட்டத்திலும் ஆதாரமில்லை. இஷ்டமில்லாத பெண்ணை ஒரு மனிதனிடம் பலவந்தமாக ஒப்புவிப்பது கொடுமை என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார்.

இத்தீர்ப்பு வெளியானதும் தேசமெங்கும் கிளம்பிய கூச்சல் இவ்வளவவ்வளவன்று. வாதி அப்பீல் செய்தார். 1886 மார்ச்சில் பிரதம நீதிபதி ஸர் சார்லஸ் ஸார்ஜெண்டும் நீதிபதி பேலியும் பின்ஹேயின் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார்கள். ஹிந்து விவாகம் சடங்கினாலேயே பூர்த்தியாகிவிடுகிறது. பெண்ணின் சம்மதம் அதற்கு அவசியமில்லை. கூடி வாழ்ந்தார்களா இல்லையா என்ற வேற்றுமையைச் சட்டம் காண்பதில்லை என்பது அவர்கள் கருத்து. 1887 மார்ச்சு 4-ந் தேதி நீதிபதி பாரன் உத்தரவு பிறப்பித்தார்: ஒரு மாதத்திற்குள் ருக்மாபாய் கணவர் வீடு செல்ல வேண்டும், தவறினால் ஆறு மாதம் சிறை. அதைக் கேட்ட ருக்மாபாய், சிறைக்கே போவதாகத் தெரிவித்தார்.

இவ்விடத்தில் நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். அநீதியென்று தாம் கருதும் ஒரு கட்டளைக்கு உட்படாமல், ஓடி ஒளியாமல், அதற்குரிய தண்டனையைத் தலையில் ஏற்றுக்கொள்கிறேன் என்று பகிரங்கமாக ஒருவர் சொல்வது 1887-ல். டிரான்ஸ்வாலில் ஜோஹான்னஸ்பர்க் நாடகசாலையில் நம்மவர்கள் கூடிச் சபதம் செய்தது 1906-ல். ருக்மாபாய் அவ்விதம் கூறியபோது காந்தியடிகள் ராஜ்கோட்டில் பள்ளிக்கூட மாணவர்.

இனி நமது பாசறையின் விஷயத்திற்கு வருவோம். புனாவில் திலகர் பெருமானின் ஆங்கிலப் பத்திரிகையான மராட்டா, தாதாஜியின் கட்சியை ஆதரித்தது. அந்நிய சர்க்காரும் அந்நிய கோர்ட்டும் நமது குடும்ப தர்மத்தில் தலையிடக் கூடாது. இன்று விவாகத்தில் கை வைப்பவன் நாளை எதில் கை வைக்க மாட்டான் என்பது அக்கட்சியினரின் அச்சம். ஆங்கிலப் படிப்பே பெண்ணைக் கெடுத்தது என்றும் சொல்லப்பட்டது. அவருடன் ஒரே பத்திரிகாலயத்தில் உழைத்த கோபால கணேச அகர்கரோ சமூகச் சீர்திருத்தமின்றி ராஜீய விடுதலை பாதி விடுதலையே என்ற கொள்கையுடையவர். 1882-ல் கோலாப்பூர் மானநஷ்ட வழக்கில் இவ்விருவரும் டோங்கிரி சிறையில் ஒன்றாக 101 நாள் கிடந்தவர்கள். சர்க்காரால் பிரிக்க முடியாத அந்த நண்பர்களை ஸ்திரீகளின் கேள்வி பிரித்துவிட்டது. 1887-ல் அகர்கர் கேஸரியின் ஆசிரியப் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு சுதாரக் என்ற சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை நடத்துபவர்களாகிய நமக்கு, ஒரே மேஜையின் இரு பக்கங்களில் உட்கார்ந்து இருவேறு மனங்களோடு எழுதுவது எத்தகைய வேதனை என்பது தெரியும்.

லோகமானியரின் சந்தேகத்திற்கு ஆதாரம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. பால்ய விவாகத்தைச் சுட்டிக்காட்டி, இந்த ஜனங்களுக்குச் சுயராஜ்யம் ஒரு கேடா என்று கேலி செய்த ஆங்கிலேயர்கள் அன்று ஏராளம். நமது வீட்டுப் புண்ணை அந்நியன் விரலால் சுட்டும்போது ரோஷம் வருவது இயற்கை. ஆனால் அந்த ரோஷத்தில் ஒரு முக்கியமான உண்மை கண்ணுக்குத் தப்பிவிட்டது. தாம்பத்திய உரிமை மீட்பு என்ற வழக்கே ஹிந்து தர்மத்தில் பிறந்ததன்று. அது இங்கிலாந்தின் திருச்சபைக் கோர்ட்டுகளில் பிறந்தது. அங்கே கீழ்ப்படியாதவரை முதலில் சபையிலிருந்து விலக்கி வந்தார்கள். 1813-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்குப் பதிலாக ஆறு மாதம் வரை சிறை விதித்தது. 1867-ல் ஒரு முஸ்லிம் தம்பதிகளின் வழக்கில், இத்தகைய பிராதுகளை இந்தியாவின் சிவில் கோர்ட்டுகள் விசாரிக்கலாமென்று பிரிவி கவுன்ஸில் வழி திறந்தது. சிவில் புரொஸீஜர் கோடு சிறைத் தண்டனையைச் சேர்த்துக்கொண்டது. இதைவிட விந்தை, தாதாஜியின் நோட்டீஸ் புறப்பட்ட அதே 1884-ஆம் வருஷத்தில், இங்கிலாந்துப் பார்லிமெண்டு தன் நாட்டில் இக்குற்றத்திற்காகச் சிறையிடுவதை எடுத்துவிட்டது. ஆங்கிலேயர் தங்கள் வீட்டிலிருந்து குப்பையில் எறிந்த ஒரு கிறிஸ்தவத் தண்டனையை, நமது பண்டிதர்கள் சநாதன தர்மமென்று எண்ணி மார்போடு அணைத்துக்கொண்டார்கள். நமது ஸ்மிருதிகள் ஸ்திரீகளுக்குக் கருணை காட்டியவை என்று வாதிக்க நாம் வரவில்லை. கணவனை விரும்பாத மனைவியை ராஜாவின் சிறையில் அடைக்கும் முறை நமது ஜாதிப் பஞ்சாயத்துகளில் இருந்ததில்லை என்று மாத்திரம் கூறுவோம். அந்நிய சட்டம் தலையிடக் கூடாதென்றால், ருக்மாபாயைச் சிறைக்கு அனுப்பவும் அது தலையிடக் கூடாது. இந்த எளிய நியாயத்தை அன்று சொன்னவர்கள் சிலரே.

காங்கிரஸின் முதல் முயற்சிகளில் பங்கு கொண்ட காசிநாத் திரியம்பக் தெலாங் ருக்மாபாய்க்காகக் கோர்ட்டில் ஆஜரானார் என்பது நமக்கு ஆறுதல் அளிக்கிறது. பார்ஸி பத்திரிகாசிரியரான பெஹ்ராம்ஜி மலபாரியும் பிறரும் சேர்ந்து அம்மையாரின் பாதுகாப்புக்காக ஒரு கமிட்டி அமைத்துப் பணம் திரட்டினார்கள்.

நீதிபதி பாரனின் உத்தரவுக்கு ஆறு நாட்கள் முன்பாக, 1887 பிப்ரவரி 26-ந் தேதி, அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த ஆனந்திபாய் ஜோஷி 21-வது வயதில் புனாவில் உயிர் நீத்தார். நகரமே துயருற்றது. கணவனின் கட்டளையால் படித்தவள் அவள். அவளைப் போற்றுவதில் யாருக்கும் சங்கடமில்லை. கணவனை மறுத்துப் படித்தவளைப் போற்றுவதுதான் கடினமாயிருந்தது.

ருக்மாபாய் முடிவில் சிறை செல்ல நேரவில்லை. விக்டோரியா மகாராணி குறுக்கிட்டு விவாகத்தையே ரத்து செய்தாள் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. ராஜபக்தியுள்ள யாரோ கட்டிய கதை அது. நடந்தது வெறும் ராஜி. 1888 ஜூலையில் தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, தம் டிக்ரியை நிறைவேற்றுவதில்லை என்று ஒப்பினார். அதன் பின் அவர் வேறு விவாகம் செய்துகொண்டார். ஹைக்கோர்ட்டு நான்கு வருஷம் அலசியும் அவிழ்க்க முடியாத முடிச்சு, பஞ்சாயத்துத் திண்ணையில் அவிழ்வது போலவே பணத்தால் அவிழ்ந்தது. ஆனால் சமமாக அவிழவில்லை. புருஷனுக்கு இரண்டாவது மனைவி. பெண்ணுக்கோ, வாழாத ஒரு விவாகம் சட்டப்படி நீடித்தது.

பம்பாய் காமா ஆஸ்பத்திரியின் டாக்டர் ஈடித் பீச்சி என்ற ஆங்கில மாது கொடுத்த ஊக்கத்தால், ருக்மாபாய் 1889-ல் லண்டன் சென்று பெண்களுக்கான வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். 1894-ல் தேறினார். எம்.டி. பட்டத்தை அக்கலாசாலை அளிக்காததால் அதைப் பிரஸ்ஸல்ஸில் பெற்றார். தாய்நாடு திரும்பி, சூரத்தில் ஸ்திரீகளின் ஆஸ்பத்திரியை ஏற்று, இருபது வருஷங்களுக்கு மேல் நடத்தினார். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்குக் கோலாகலமான சம்பவங்கள் இல்லை. ஆண் வைத்தியர் முன் வர மாட்டாத பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தன, அவ்வளவே. 1907 டிசம்பரில் சூரத்துக் காங்கிரஸில் நாற்காலிகள் பறந்தபோது, தீவிரக் கட்சியின் தலைவராகத் திலகர் பெருமான் நின்ற அதே ஊரில், இவ்வம்மையார் தம் நோயாளிகளுடன் இருந்தார்.

அதற்கு முன்பு, 1904-ல், தாதாஜி இறந்த செய்தி வந்தது. ருக்மாபாய் விதவைகளுக்குரிய வெள்ளைப் புடவை உடுத்தலானார். இதைப் படித்தபோது நாம் திகைத்தோம். எந்த விவாகத்தை விவாகமே அல்லவென்று சிறைக்கும் துணிந்து மறுத்தாரோ, அந்த விவாகத்தின் பேரால் விதவைக் கோலம் பூணுவதா? அவர் தோற்றுவிட்டார் என்று வைதிகர்கள் களிக்கலாம். நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. வைதிகர்களின் வீடுகளுக்குள் நுழைந்து பிரசவம் பார்க்கும் வைத்தியருக்கு அந்த வெள்ளைப் புடவை ஒரு கவசமாக இருந்திருக்கலாம். அல்லது, தமக்கு இழைக்கப்பட்ட அநீதியில் அந்த மனிதருக்கும் சரிபாதி இழைக்கப்பட்டதென்று அவர் எண்ணியிருக்கலாம். பத்தொன்பது வயது ஏழைப் பையனைப் பிடித்து, பதினொரு வயதுக் குழந்தையுடன் கட்டி, நல்லவனாகத் தேறு என்று விட்டவர்கள் அவ்விருவருமல்லரே.

சூரத்திலிருந்து ராஜ்கோட் ஸமஸ்தான ஸ்திரீகள் ஆஸ்பத்திரிக்குச் சென்று பணியாற்றி, ஓய்வு பெற்று, பம்பாயில் வசித்தார். 1929-ல், கோஷாவை ஒழிக்க வேண்டுமென்று ஒரு பிரசுரம் எழுதினார். மறுமணம் செய்துகொள்ளவேயில்லை. 1955 செப்டம்பர் 25-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

அவர் கிளப்பிய கிளர்ச்சியின் அலையிலேயே 1891-ல் சம்மத வயதுச் சட்டம் வந்து, பத்தாக இருந்த வயதைப் பன்னிரண்டாக்கிற்று. 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதைப் பதினான்காக்கிற்று. தாம்பத்திய உரிமை டிக்ரிக்காகச் சிறையிடுவது 1923-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நீங்கியது. ஆனால் அந்த வழக்கு நீங்கவில்லை. இங்கிலாந்து 1970-ல் அதை முற்றிலும் ஒழித்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் ஹிந்து விவாகச் சட்டம், அம்மையார் இறப்பதற்கு நான்கு மாதங்கள் முன்பு, 1955 மே 18-ல் அமுலுக்கு வந்தபோது, அதன் 9-வது பிரிவில் அதே பழைய பரிகாரத்திற்கு இடமளித்தது. 1983-ல் ஆந்திர ஹைக்கோர்ட்டு, ஒரு பெண்ணின் தேகம் அவளுடையதென்ற காரணத்தால் அப்பிரிவு செல்லாதென்று தீர்ப்பளித்தது. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் அப்பிரிவு செல்லுமென்று முடிவு கூறிவிட்டது. டிக்ரிக்குக் கீழ்ப்படியாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். பின்ஹேயின் தீர்ப்பு இன்னமும் 9-வது தொகுதியிலேயே இருக்கிறது.